ஒரு கொம்பு மட்டும் உள்ள கருப்பை: பெட்டை நாய் அறுவையில் கவனிக்க வேண்டியவை

பெட்டை நாயின் கருப்பைக்குக் கவட்டைக் குச்சியின் வடிவம். அடியில் 2 அல்லது 3 செ.மீ. அளவில் குட்டையான உடல்பகுதி, அதிலிருந்து பிரிந்து முன்னோக்கிப் போகும் இரண்டு கொம்புகள். பீகிள் அளவு நாயில் ஒவ்வொரு கொம்பும் 10 முதல் 14 செ.மீ. வரை இருக்கும். கொம்பின் நுனியில், சிறுநீரகத்தின் பின்முனையை ஒட்டி, கொழுப்புக்குள் புதைந்தபடி சினைப்பை. கருத்தடை அறுவை செய்பவரின் விரல்கள் இந்த அமைப்பை நம்பித்தான் வேலை செய்கின்றன: ஒரு கொம்பைப் பிடித்து வெளியே எடுப்பது, அதன் நுனியிலுள்ள சினைப்பையைக் கட்டி வெட்டுவது, கொம்பு வழியே கவட்டுக்கு இறங்கி மறு கொம்பில் ஏறுவது. அபூர்வமாகச் சில நாய்களில் இந்த வழி கவட்டோடு முடிந்துவிடும். மறு கொம்பே இருக்காது.

அந்த நேரத்தில் எடுக்கப்படும் முடிவுதான் முக்கியம். "பிறவியிலேயே இல்லை, ஆகவே அந்தப் பக்கச் சினைப்பையும் இருக்காது" என்று வயிற்றைத் தைத்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. கொம்பு இல்லாத பக்கத்திலும் சினைப்பை பெரும்பாலும் முழுதாக, நன்றாக வேலை செய்தபடி இருக்கும். இல்லாமல் போயிருக்கக்கூடியது வேறொன்று: அந்தப் பக்கச் சிறுநீரகம். கருப்பை வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால் கை அடுத்ததாகச் சிறுநீரகத்துக்குப் போக வேண்டும். இந்தப் பழக்கம் பல நாய்களைக் காப்பாற்றும்.

காரணம் கருவளர்ச்சியில் இருக்கிறது. கருப்பைக் கொம்பும் கருக்குழாயும் முல்லேரியன் நாளத்திலிருந்து உருவாகின்றன. சினைப்பை அந்த நாளத்திலிருந்து வருவதில்லை. வயிற்றின் பின்சுவரில் தனியான ஒரு மேட்டில் தோன்றுகிறது. அதனால் நாளம் வளராவிட்டாலும் சினைப்பை வளர்ந்துவிடும். ஆனால் முல்லேரியன் நாளம் தானாக வழி கண்டுபிடித்து வளர்வதில்லை, பக்கத்தில் ஓடும் வோல்ஃபியன் நாளத்தை ஒட்டியே நீள்கிறது. அதே வோல்ஃபியன் நாளத்திலிருந்து முளைக்கும் மொட்டுதான் பிறகு சிறுநீர்க்குழாயாகிறது, சிறுநீரகத்தையும் தூண்டி வளர்க்கிறது. ஒரு பக்கத்து வோல்ஃபியன் நாளம் ஆரம்பத்திலேயே கெட்டுப்போனால் கொம்பும் சிறுநீரகமும் சேர்ந்தே போகும். தாமதமாக, முல்லேரியன் நாளம் மட்டும் நின்றுபோனால் சிறுநீரகம் தப்பிவிடும்.

2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் கருத்தடைக்கு வந்த 32,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பார்த்தபோது, சுமார் 0.05 சதவீதத்தில் இப்படிப்பட்ட பிறவிக் குறைபாடுகள் தெரிந்தன. பத்தாயிரம் நாய்க்கு ஐந்து. குறைவுதான். ஆனால் தினமும் இருபது முப்பது தெருநாய்களுக்கு அறுவை நடக்கும் ஏ.பி.சி. (தெருநாய் இனக்கட்டுப்பாட்டு) மையத்தில் ஓரிரு ஆண்டுக்குள் ஒன்றாவது மேசைக்கு வந்தே தீரும். பூனைகளில் இந்தக் குறைபாடு நாயைவிட அதிகம். குறைபாடு இருந்து, சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்த்த பூனைகளில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு அந்தப் பக்கச் சிறுநீரகம் இல்லை.

இனி தேடும் முறை. கவட்டு இருக்க வேண்டிய இடத்தில் கருப்பை வளையாமல் ஒரே குழாயாக ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். மறுபக்கத்தில் கருப்பையைத் தாங்கும் அகன்ற சவ்வை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் கொழுப்பும் ரத்தக்குழாயும் மட்டும் இருக்கும். சிலவற்றில் கொம்பு இருக்க வேண்டிய தடத்தில் நூல் தடிமனில் ஒரு நார் ஓடும். அந்த நார் கிடைத்தால் அதிர்ஷ்டம், அதைப் பிடித்துக்கொண்டே முன்னால் போனால் சினைப்பையில் போய் நிற்கும். ஆனால் இழுக்கக் கூடாது, அறுந்துவிடும்.

நார் இல்லையென்றால் நடு வயிற்று வெட்டைத் தொப்புளுக்கு முன்னால் 2, 3 செ.மீ. வரை நீட்டிவிட்டுக் குடலை வைத்தே வழி திறக்க வேண்டும். வலப்பக்கம் தேடும்போது டியோடினத்தை, அதாவது சிறுகுடலின் முதல் பகுதியை, பிடித்து மேலே தூக்கி இடப்புறம் நகர்த்துங்கள். அதன் சவ்வு மற்ற குடல்களையெல்லாம் திரை போல ஒதுக்கிக்கொண்டு போகும். வலது சிறுநீரகமும் அதன் பின்முனையும் கண்ணுக்கு நேரே தெரியும். இடப்பக்கத்துக்கு இறங்கு பெருங்குடலைப் பிடித்து வலப்புறம் நகர்த்த வேண்டும். சிறுநீரகத்தின் பின்முனையிலிருந்து விரலை மெதுவாகப் பின்னோக்கி நகர்த்தினால் கொழுப்புக்குள் சுமார் 1.5 செ.மீ. நீளத்தில் ஒரு கெட்டியான பருப்பு தட்டுப்படும். கடைசி விலாவை நோக்கி இழுத்துக் கட்டியிருக்கும் தசைநாரும் அங்கேதான். அந்தப் பக்கச் சிறுநீரகம் இல்லாவிட்டால் அடையாளம் தப்பிப்போகும். அப்போது எதிர்ப்பக்கச் சினைப்பை எந்த மட்டத்தில் இருந்தது என்பதை வைத்துக்கொண்டு தேடுங்கள். வலது, இடதைவிடக் கொஞ்சம் முன்னால் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நம்மூரின் பல மையங்களில் வலது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சிறிய பக்கவாட்டு வெட்டு போடும் வழக்கம் இருக்கிறது. தெருவுக்குத் திரும்பும் நாயின் தையல் தரையில் உரசாது, தூரத்திலிருந்தே காயத்தைப் பார்க்கலாம் என்பதெல்லாம் அதன் நன்மைகள். ஒரு கொம்பு இல்லாத நாயில் மட்டும் இந்த வெட்டு நம்மைக் கைவிட்டுவிடும். இடது சினைப்பையை இந்த வழியில் வெளியே கொண்டுவருவதே இடது கொம்பைப் பிடித்து இழுத்துத்தான். பிடிக்கக் கொம்பு இல்லையென்றால் அந்தச் சின்னத் துளை வழியே ஹுக்கை விட்டுத் துழாவுவதில் பயனில்லை. மண்ணீரல் கிழியும், குடல் நசுங்கும், மயக்க நேரமும் நீளும். துழாவலை அங்கேயே நிறுத்தி, பக்கவாட்டு வெட்டை மூடி, நாயை மல்லாத்தி நடு வயிற்றில் புதிதாக ஒரு வெட்டுப் போடுவதே நாய்க்குச் செய்யும் உதவி. இரண்டு வெட்டு ஆகிவிட்டதே என்று கூச்சப்பட ஒன்றுமில்லை.

எடுத்த சினைப்பையை அப்படியே தட்டில் போட்டுவிடாதீர்கள். அதைச் சுற்றியிருக்கும் பையைக் கத்தியால் கீறித் திறந்து, முழுச் சினைப்பையும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். கால் பங்கு உள்ளே தங்கினாலும் அது மறுபடியும் வேலை செய்யும்.

சிறுநீரகத்தை எண்ணிப் பார்த்ததும் அடுத்து சிறுநீர்க்குழாய். எந்தக் கருத்தடையிலும் சிறுநீர்க்குழாய் கட்டுக்குள் சிக்கும் ஆபத்து இரண்டு இடங்களில் உண்டு. ஒன்று, சினைப்பைத் தண்டு கையிலிருந்து நழுவி ரத்தம் பொங்கும்போது பார்க்காமல் கிளாம்ப் போடும் இடம். இரண்டாவது, கருப்பையின் அடியைக் கட்டும் இடம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் சிறுநீர்க்குழாய் நுழையும் கழுத்துப் பகுதி முன்னால் வந்துவிடும். இரண்டு சிறுநீரகம் உள்ள நாயில் ஒரு குழாய் கட்டுப்பட்டாலும் வெளியே அடையாளமே தெரியாமல் போகலாம். ஒற்றைச் சிறுநீரக நாயில் அதே தவறு உயிரை எடுத்துவிடும். அதனால் அறுவைக்கு முன் சிறுநீர்ப்பையை அழுத்தியோ கதீட்டர் போட்டோ காலி செய்யுங்கள். ரத்தம் வந்தால் முதலில் டியோடினத்தையோ பெருங்குடலையோ நகர்த்தி இடத்தைத் திறந்து, ரத்தக்குழாயைக் கண்ணால் பார்த்த பிறகே கிளாம்ப். அறுவைக்குப் பின் சிறுநீரே கழிக்காமல், வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது. அன்றே ஸ்கேன், சிறுநீரகம் நீர் கோத்து வீங்கியிருந்தால் அன்றே மறு அறுவை.

ஒரு சிறுநீரகத்தோடு நாய் ஆயுள் முழுக்க நன்றாக வாழும். இருக்கும் ஒன்று வளர்ந்து மற்றதன் வேலையையும் சேர்த்துச் செய்யும். எக்ஸ்ரேயில் சாதாரணச் சிறுநீரகத்தின் நீளம் இரண்டாம் இடுப்பு முதுகெலும்பைப்போல் 2.5 முதல் 3.5 மடங்கு, ஒற்றையாக இருப்பது இதைத் தாண்டியும் போகலாம், அதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கவனம் மருந்தில்தான் வேண்டும். மயக்கத்தில் ரத்த அழுத்தம் விழாமல் சலைன் ஓடிக்கொண்டிருக்கட்டும், மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மி.லி. என்ற அளவில். மெலாக்சிகாம் என்ற வலி ஊசியை வழக்கம்போல் போட்டுவிடாமல், நாய் நீரிழப்பு இல்லாமல் இருக்கிறதா, சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஜென்டாமைசின், அமிக்காசின் வகை மருந்துகள் வேண்டாம், வேறு ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. கிரியாட்டினின் சரியாக இருப்பதை மட்டும் வைத்துத் தைரியப்படவும் முடியாது. சிறுநீரக வேலையில் முக்கால் பங்கு போன பிறகுதான் அது நன்றாக ஏறிக் காட்டும்.

சினைப்பையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? சில மாதம் கழித்துப் பெண்குறி வீங்கும், ரத்தம் கசியும், ஆண் நாய்கள் சூழ்ந்துகொள்ளும். கொம்பு இல்லாததால் குட்டி வராது. ஆனால் மடிக் கட்டிக்கும் சினைப்பைக் கட்டிக்கும் வாய்ப்பு அப்படியே இருக்கும். கருப்பையின் அடித்துண்டு கொஞ்சம் மிச்சமிருந்தால் அதில் சீழும் பிடிக்கலாம். தெருநாயென்றால் இன்னொரு சேதமும் உண்டு. கருத்தடை ஆனதற்கு அடையாளமான, காதில் ‘வி’ வடிவ வெட்டோடு ஒரு நாய் பருவத்துக்கு வந்து நிற்பதைப் பார்க்கும் தெருக்காரர்கள், அந்தத் திட்டத்தையே நம்ப மாட்டார்கள். இப்படி வந்த நாயில் முதலில் யோனிச் செல்களை ஸ்லைடில் பாருங்கள். பருவத்தின்போது செதில் போன்ற, உலர்ந்த செல்கள் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். பருவ அடையாளம் தெரிந்து இரண்டு வாரம் கழித்து, சினைப்பை சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் அளவை ரத்தத்தில் எடுத்தால், ஒரு மி.லி.க்கு 2 நானோகிராமுக்கு மேல் இருப்பது உள்ளே சினைப்பை வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. மறு அறுவைக்கும் இந்தக் காலமே நல்லது. முட்டை வெளியான இடத்தில் சினைப்பையில் உருவாகும் மஞ்சள் உடல்கள் பருத்து, ரத்தக்குழாய்கள் விரிந்து, தேடும் பொருள் கண்ணில் படும்.

கொம்பு முழுதாக இல்லாமல் போவதைவிட, நடுவில் ஒரு துண்டு மட்டும் உருவாகாமல் போவதுதான் உரிமையாளரை அதிகம் அலைக்கழிக்கும். முன்பாதி கொம்பு இருக்கிறது, அதன் உள்சவ்வும் சுரக்கிறது, வெளியேற வழி மட்டும் இல்லை. ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னும் புரோஜெஸ்டிரோனின் தூண்டலில் சுரக்கும் சளி அங்கேயே தேங்கும். ஸ்கேனில் கறுப்பாக நீர் நிறைந்த குழாய் தெரிந்ததும் சிலர் சினை என்பார்கள், சிலர் சீழ் என்பார்கள். சினையென்றால் 28 நாளுக்கு மேல் கருவின் இதயத்துடிப்பு தெரிந்தாக வேண்டும். சீழென்றால் பெரும்பாலும் நாயே சொல்லிவிடும்: சாப்பாட்டை வெறுக்கும், நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் விடும், வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கும். அந்தத் தாகமும் சிறுநீரகத்தின் குரல்தான். ஈ.கோலை பாக்டீரியாவின் நச்சு, சிறுநீரைச் செறிவாக்கும் வேலையைக் கெடுத்துவிடுகிறது. இந்த எதுவும் இல்லாமல், நன்றாக ஓடியாடும் நாயில் ஒரு பக்கம் மட்டும் நீர் நிறைந்த குழாய் தெரிந்தால் அடைபட்ட கொம்பை நினைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சீழ்க் கருப்பைக்குக் கொடுக்கும் புராஸ்டாகிளாண்டின் ஊசியை இங்கே முயலவே கூடாது. அது கருப்பையைச் சுருக்கி உள்ளிருப்பதை வெளியே தள்ளும் மருந்து. வாசலே இல்லாத அறையைச் சுருக்கினால் சுவர்தான் வெடிக்கும். வயிறு வழியே ஊசி குத்தி நீரை எடுத்துப் பார்ப்பதும் வேண்டாம். அறுவை ஒன்றே வழி, அதிலும் சவ்வில் உள்ள நார்த் தடத்தோடு சேர்த்து எல்லாத் துண்டுகளையும் எடுக்க வேண்டும். தனித்தனியாக அடைபட்ட இரண்டு மூன்று பைகள் இருந்து, ஒன்று பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்திருக்கக்கூடும்.

பிறவிக் குறைபாட்டை விட்டுச் சற்று நகர்ந்தால், கருப்பை இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதும் உண்டு. நடுவயது தாண்டிய பாமரேனியன், டாக்ஸண்ட் போன்ற சிறிய நாய்களில் கடைசி மடிக்காம்பை ஒட்டித் தொடை இடுக்கில் மெத்தென்று ஒரு வீக்கம். மடிக் கட்டி என்றோ கொழுப்புக் கட்டி என்றோ நினைத்து ஊசி குத்துவார்கள். உள்ளே இருப்பது தொடையிடுக்கு வளையம் வழியே இறங்கிய கருப்பைக் கொம்பாக இருக்கலாம், சில சமயம் சீழோடு, சில சமயம் குட்டியோடு. பருவம் முடிந்து சில வாரத்தில் வீக்கம் பெரிதாகிறது என்று உரிமையாளர் சொன்னால் அதுவே பெரிய துப்பு. தொடையிடுக்கில் எந்த வீக்கமானாலும் ஸ்கேன் முதலில், ஊசி பிறகு. அறுவையை நடு வயிற்றில் தொடங்கினால் இரண்டு பக்க வளையத்தையும் ஒரே வெட்டில் பார்த்துவிடலாம். எதிர்ப்பக்கமும் தளர்ந்திருப்பது சகஜம். இறங்கிய கொம்பு எளிதில் திரும்பாவிட்டால் இழுத்துக் கிழிக்காமல் வளையத்தை முன்னும் உட்பக்கமுமாக வெட்டி அகலப்படுத்துங்கள். மூடும்போது பின்மூலையில் சிறு இடைவெளி விட மறக்காதீர்கள். தொடையிடுக்கு ரத்தக்குழாயும் நரம்பும் அந்த வழியாகத்தான் போகின்றன.

முறுக்கிக்கொண்ட கொம்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பெரும்பாலும் சினையின் கடைசி வாரங்களிலோ சீழ் நிறைந்த கொம்பிலோதான் இது நேரும். வயிற்றைத் திறந்ததும் கறுத்துப்போன கொம்பைக் கண்டு கை தானாக முறுக்கை அவிழ்க்கப் போகும். அவிழ்க்காதீர்கள். தேங்கிக் கெட்ட ரத்தம் ஒரேயடியாக உடலுக்குள் பாயும். முறுக்குக்குக் கீழே கிளாம்ப் போட்டு, அப்படியே கட்டி எடுத்துவிடுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்டு, அதாவது ஊர் வழக்கில் அல்சேஷன், நம் ஊரில் நிறைய இருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட அல்சேஷன் பெட்டையின் கால்களிலும் தலையிலும் உறுதியான தோல் முடிச்சுகள் பல இருந்து, கருப்பையிலும் தசைக் கட்டிகள் தெரிந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். எஃப்.எல்.சி.என். என்ற மரபணுவின் பிழையால் வரும் பரம்பரை நோய் அது. இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகளும் புற்றும் சேர்ந்தே வளரும். கருப்பைக் கட்டிகள் பெரும்பாலும் தீங்கற்றவை, உயிரை வாங்குவது சிறுநீரகம். தோல் முடிச்சைக் கண்ட அன்றே சிறுநீரக ஸ்கேன் செய்தால் உரிமையாளருக்கு நிலைமையைத் தெளிவாகச் சொல்ல முடியும். பெற்றோரில் ஒன்றிடம் இருந்தாலே குட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு வரும் என்பதால் அந்த வரிசையில் இனப்பெருக்கம் நிறுத்தப்பட வேண்டும்.

ஆண் நாயிலும் கருப்பை இருக்கலாம். மினியேச்சர் ஷ்னாசர் இனத்தில், ஆண் கருவில் முல்லேரியன் நாளத்தை மறையச் செய்யும் ஏ.எம்.எச். ஹார்மோனின் ஏற்பியில் உள்ள பிழையால் முல்லேரியன் நாளம் மறையாமல் தங்கிவிடும். வெளியே முழு ஆண், உள்ளே இரு கொம்புக் கருப்பை, அதன் நுனிகளில் விரைகள். விரை இறங்காத ஷ்னாசரில் அறுவை செய்யும்போது விரையோடு சேர்ந்து ஒரு குழாய் வந்தால் அதை வெட்டிவிட்டு மூடாதீர்கள். அதில் சீழும் பிடிக்கும், தங்கிய விரையில் கட்டியும் வரும். புராஸ்டேட்டில் போய்ச் சேரும் இடம் வரை பின்தொடர்ந்து எடுங்கள்.

ஒரு கொம்பு நாயை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று வளர்ப்பவர்கள் கேட்பார்கள். அது சினையாகும், குட்டி குறைவாகப் போடும். ஒற்றைக் குட்டி மட்டும் தங்கினால் அது அளவுக்கு மீறிப் பெருத்து, பிரசவத்தைத் தொடங்கி வைக்கும் சமிக்ஞையும் போதாமல், சிசேரியனில் முடியும். என் கருத்து: வேண்டாம்.

அகற்றிய உறுப்பைக் குப்பையில் போடுவதற்கு முன் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். பிறகு 10 சதவீத ஃபார்மலினில், உறுப்பின் அளவைப்போல் பத்து மடங்கு திரவத்தில் போட்டு நோய்க்குறியியல் பிரிவுக்கு அனுப்புங்கள். தடித்த பகுதியென்றால் 1 செ.மீ. துண்டுகளாகக் கீறிப் போடாவிட்டால் நடுப்பகுதி அழுகிவிடும். ஏ.பி.சி. மையங்களில் அகற்றிய உறுப்புகளை எண்ணிச் சரிபார்ப்பதால், எந்தப் பக்கக் கொம்பு இல்லை, இரண்டு சினைப்பையும் எடுக்கப்பட்டதா, எத்தனை சிறுநீரகம் தட்டுப்பட்டது என்பதை நாயின் எண்ணோடு பதிவேட்டில் எழுதுங்கள். வீட்டு நாயென்றால் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே "இடது சிறுநீரகம் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுங்கள். பத்து வருடம் கழித்து அந்த நாய்க்கு மூட்டுவலி மாத்திரை எழுதப்போகும் மருத்துவர் வேறொருவராக இருப்பார், அவர் பார்க்கப்போவது அந்த அட்டையைத்தான்.